கடலில் இரும்பு: எங்கிருந்து வருகிறது, எதனால் தங்குகிறது

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் மேல்மட்ட நீரில், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 நானோமோல் இரும்பு கரைந்திருக்கிறது. எடைக் கணக்கில் அது ஐந்தரை நானோகிராம். இப்படிச் சொன்னால் மனத்தில் பதியாது. ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அதை அந்தக் கடல்நீரால் நிரப்பினால் அதில் கரைந்திருக்கும் மொத்த இரும்பு 14 மில்லிகிராம், அதாவது ஒரு குண்டூசியின் சிறு துணுக்கு. பூமியின் மேலோட்டிலோ எடையில் ஐந்து சதவீதம் இரும்பு. ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றுக்கு அடுத்தபடி மிகுதியாக உள்ள தனிமம் அதுதான். நிலத்தில் இத்தனை மலிந்த பொருள் கடலில் ஏன் இத்தனை அரிது?

இது வேதியியல் ஆர்வலர்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல. தாவர மிதவையுயிரிகள் எனப்படும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் இரும்பு இல்லாமல் ஓடாது. காற்றின் நைட்ரஜனை உரமாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கும் அது கட்டாயத் தேவை. தென்பெருங்கடல், பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி, அலாஸ்காவுக்குத் தெற்கேயுள்ள வடபசிபிக் ஆகிய மூன்று பெரும் பரப்புகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆண்டு முழுதும் மிஞ்சிக் கிடக்கின்றன. ஆனால் பயிர் இல்லை. 1930களிலேயே நார்வேயின் கடலாய்வாளர் ஹாக்கன் கிரான் போன்ற சிலர் இரும்புப் பற்றாக்குறைதான் காரணமோ என்று ஐயுற்றார்கள். நிரூபிக்க வழியில்லாமல் அந்த ஐயம் அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது.

வழியில்லாமல் போனதற்குக் காரணம் கப்பல். துருப்பிடித்த எஃகு உடல், எஃகுக் கம்பி வடம், உலோக மாதிரிக் குடுவை, ஆய்வுக்கூடத்துத் தூசி என்று அளப்பவரைச் சுற்றி எங்கும் இரும்பு. குடுவைக்குள் விழும் ஒரே ஒரு துருத்துகள் முழு அளவீட்டையும் பலநூறு மடங்கு உயர்த்திவிடும். பழைய அட்டவணைகளில் காணப்படும் எண்களில் பெரும்பகுதி கடலுடையவை அல்ல, கப்பலுடையவை. ஈயத்தை அளப்பதில் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் வகுத்த தூய்மை முறைகளைக் கடைப்பிடித்து, கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தில் ஜான் மார்ட்டினும் அவர் சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் நம்பத்தகுந்த முதல் அளவீடுகளைப் பெற்றார்கள். பிளாஸ்டிக் பூசிய குடுவை, உலோகமில்லாத கெவ்லார் வடம், வடிகட்டிய காற்று மட்டும் புகும் அறை ஆகியவை அவர்களுடைய கருவிகள். அலாஸ்கா வளைகுடாவின் நீரைக் குடுவைகளில் எடுத்து, துளி இரும்பு சேர்த்தால் பாசி பெருகுவதை 1988இல் வெளியான கட்டுரையில் காட்டினார் மார்ட்டின். அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகத்தையே தருகிறேன் என்று அதே ஆண்டில் ஒரு கூட்டத்தில் அவர் வேடிக்கையாகச் சொன்னது அவருடைய ஆய்வைவிடப் பிரபலமாகிவிட்டது. அந்தக் கேலிக்குப் பின்னால் தீவிரமான தர்க்கம் உண்டு. பனியுகங்களில் காற்றில் தூசி பன்மடங்கு கூடியிருந்ததையும் கரியமில வாயு குறைந்திருந்ததையும் அண்டார்டிகாவின் பனிப்பாள மாதிரிகள் சேர்த்தே காட்டுகின்றன.

மார்ட்டினின் இந்தத் தர்க்கம் வரவைப் பற்றியது: தூசி கூடினால் இரும்பு கூடும், இரும்பு கூடினால் பாசி கூடும். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்தத் தடத்தில்தான் நடந்தார்கள். எத்தனை டன் தூசி விழுகிறது, எத்தனை டன் ஆற்றில் வருகிறது என்று பட்டியலிட்டார்கள். ஆனால் கடந்த முப்பது ஆண்டு அளவீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், கடலின் இரும்பு வரைபடத்தை வரைவது வரவு அல்ல, வந்ததை நீரில் தாங்கிப் பிடிப்பது எது என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொள்ள இரும்பின் இரு முகங்களையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு ஃபெர்ரஸ் வடிவில் தாராளமாகக் கரையும். ஆக்சிஜன் உள்ள, சற்றே காரத்தன்மை கொண்ட இன்றைய கடல்நீரில் அது ஃபெர்ரிக் வடிவத்துக்கு மாறி, துருவாகத் திரண்டு, படிந்துவிடும். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அன்றைய நீரில் இரும்பு இன்றைக்கு இருப்பதைப்போல் பல ஆயிரம் மடங்கு கரைந்திருந்தது. ஒளிச்சேர்க்கை பரவி ஆக்சிஜன் சேரச் சேர அது பட்டை பட்டையாக அடியில் படிந்தது. சேலத்துக்கு அருகே கஞ்சமலையின் காந்தக்கல் பாறைகள் அப்படிப் படிந்து, பின்னர் பூமியின் ஆழத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. உயிர் தானே வெளியிட்ட வாயுவால் தனக்கு வேண்டிய உலோகத்தைக் கடலிலிருந்து விரட்டிவிட்டது. மிதவையுயிரிகள் இன்றும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

கரிமப் பொருள் எதுவும் இல்லாத தூய உப்புநீரில் ஃபெர்ரிக் இரும்பு 0.1 நானோமோல்கூடக் கரையாது. ஆழ்கடலில் அளந்தாலோ 0.4 முதல் 0.8 நானோமோல் வரை இருக்கிறது. மிச்சத்தை ஏந்தி நிற்பவை கரிமச் சேர்மங்கள். வேதியியல் பாடநூல்கள் ஈனிகள் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தவை இவை. 1990களின் நடுவில் லிவர்பூலிலும் கலிபோர்னியாவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள், கரைந்த இரும்பில் 99 சதவீதத்துக்கும் மேல் இவற்றுடன் பிணைந்திருப்பதைக் காட்டின. சில ஈனிகளை பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடிப்பதற்கென்றே சுரக்கின்றன. சில, மட்கிய இலைதழையின் எச்சங்கள். இன்னும் சில, இறந்த பாசியின் சிதைவுகள். 'கரைந்த இரும்பு' என்ற சொல்லாட்சியிலும் ஒரு நெகிழ்வு உண்டு. 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியைத் தாண்டிச் செல்வதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அதில் கணிசமான பங்கு உண்மையில் கரைசல் அல்ல, மிக நுண்ணிய கூழ்மத் துகள்கள்.

இனி வரவுகளுக்கு வருவோம். முதலில் தூசி. பாலைவனங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் தூசி கடல்களில் விழுவதாக 2005இல் வந்த ஒரு பெரும் தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அதன் எடையில் மூன்றரை சதவீதம் இரும்பு. அதிலும் மிகப் பெரும்பங்கு களிமண் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. நீரில் இறங்குவது பொதுவாக ஒரு சில சதவீதமே. அப்படி இருந்தும் சகாராத் தூசி பறக்கும் வழியில் அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் இரும்பு ஒரு நானோமோலை எட்டுகிறது. தூசியின் இரும்பும் கடலடி மண்ணின் இரும்பும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபடுகின்றன. அந்தக் கைரேகையைக் கொண்டு, வட அட்லாண்டிக்கில் கரைந்த இரும்பில் 71 முதல் 87 சதவீதம் தூசியிலிருந்து வந்தது என்று டிம் கான்வேயும் சேத் ஜானும் 2014இல் கணக்கிட்டார்கள்.

தூசிக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். கோர்சிகாத் தீவின் கரையோரம் 2008இல் நடந்த ஒரு சோதனை அந்த நிம்மதியைக் கெடுத்தது. மத்தியதரைக் கடலில் பெரிய பிளாஸ்டிக் பைகளால் நீர்த்தம்பங்களை அடைத்து, அவற்றின் மேல் பாலைவனத் தூசியைத் தூவினார்கள். கரைந்த இரும்பு கூட வேண்டும் அல்லவா? குறைந்தது. இறங்கிப்போகும் தூசித்துகள்களே நீரில் இருந்த இரும்பைத் தம்மேல் ஒட்டவைத்து அடியில் கொண்டுபோய்விட்டன. ஈனிகள் மிச்சமிருக்கும் நீரில் விழும் தூசி கொடுக்கிறது. இல்லாத நீரில் விழும் தூசி இருப்பதையும் பறிக்கிறது. டன் கணக்கில் மட்டும் வரவைப் போடுவதன் அபத்தத்தை இந்த ஒரு சோதனை எனக்கு விளக்கிய அளவுக்கு வேறெதுவும் விளக்கவில்லை.

இரண்டாவது, கடலடி வெந்நீர் ஊற்றுகள். நடுக்கடல் முகடுகளில் பாறைப் பிளவுகளின் வழியே கசியும் கடல்நீர், அடியிலுள்ள வெப்பத்தால் சூடேறி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளியே பீறிடுகிறது. அதில் இரும்பு கடல்நீரில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்கு வரை இருக்கலாம். ஆனால் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரைத் தொட்டதும் எல்லாம் கரும்புகைபோலத் திரண்டு ஊற்றின் காலடியிலேயே விழுந்துவிடும் என்றுதான் பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆகவே உலக இரும்புக் கணக்கில் ஊற்றுகளுக்கு இடமே தரவில்லை. கடல்நீரின் அரிய தனிமங்களையும் ஐசோடோப்புகளையும் வரைபடமாக்கும் பன்னாட்டுத் திட்டமான ஜியோட்ரேசஸ், 2013இல் பெருவுக்கு அப்பாலிருந்து தாஹித்தி நோக்கி ஒரு கப்பலை அனுப்பியது. கிழக்குப் பசிபிக் முகட்டை அது தெற்கே 15 பாகை அட்சரேகையில் கடந்தது. முகட்டில் கிளம்பிய கரைந்த இரும்பு, மேற்கே 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் அளக்கும்படி இருந்தது. ஊற்றுகளில் கசியும் ஹீலியம்-3 என்ற வாயு அதே தடத்தில் பரவுவது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். ஹீலியம் யாருடனும் சேராத வாயு. நீர் போகும் இடமெல்லாம் போகும். துருவாக வேண்டிய இரும்பு அதற்கு ஈடுகொடுத்துப் போனதுதான் அதிசயம்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. அதே மாதிரிகளை மேலும் நுணுகி ஆராய்ந்தபோது, மேற்கே போகப் போக இரும்பு ஹீலியத்தைவிட 350 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது 2017இல் தெரியவந்தது. இரும்பு துகளில் ஒட்டுகிறது, சற்றுக் கீழே இறங்குகிறது, மறுபடி நீருக்குள் விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. கரிமப் பொருளின் தயவில் இப்படி மாறி மாறித்தான் அது பல பத்தாண்டுகள் பயணம் செய்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டிலிருந்தும் ஊற்று இரும்பு வெகுதூரம் பரவிக் கிடப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்.

ஆறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுநீரில் இரும்பு ஏராளம். ஆனால் கழிமுகத்தில் உப்பைச் சந்தித்ததும் கூழ்மம் திரிந்து, பெரும்பாலான ஆறுகளில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே சேறாகிறது. வழி தவறாமல் கடலைச் சேர்வது, மட்கின் கரிமத்தை இறுகப் பற்றிய கொஞ்சம் இரும்பு மட்டும்.

அந்தச் சேறு வீணாகிப் போவதில்லை. மூன்றாவது மூலம் அதுதான், கண்டத்திட்டின் படிவுகள். படிவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் துருவைச் சுவாசிக்கின்றன. ஃபெர்ரிக் ஃபெர்ரஸாக மாறி, மேலேயுள்ள நீருக்குள் கசிகிறது. அந்த நீரிலும் ஆக்சிஜன் குறைவு என்றால் நெடுந்தூரம் போகும். இதைப் பாடமாகப் படிக்க அரபிக்கடலைவிட நல்ல இடம் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரைத் தள்ள, நைட்ரேட் செறிந்த ஆழ்நீர் மேலே வருகிறது. மூன்று பக்கமும் பாலைவனம், ஆகவே தூசிக்குக் குறைவில்லை. இரும்புத் தட்டுப்பாடு வரும் என்று யாரும் நினைக்காத கடல் அது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வஜி நக்வியும் அவர் குழுவினரும் 2004 பருவத்தின் இறுதியில் ஓமன் தென்கரைக்கு அப்பால் அளந்தபோது, நைட்ரேட் மிஞ்சியிருக்க, பாசி மட்டும் குறைவாக இருந்தது. அலாஸ்காவிலும் அண்டார்டிகாவிலும் கண்ட அதே நோய்க்குறி, பாலைவனத்தின் வாசலில். 2010இல் வெளியான அவர்கள் கட்டுரை காட்டிய ஒப்புமை பெருவும் கலிபோர்னியாவும். அவற்றைப் போல ஓமனுக்கும் கண்டத்திட்டு குறுகலானது. மேலேறும் நீர் இரும்புள்ள படிவுகளை உரசிக்கொண்டு வருவதற்கான இடமே அங்கு இல்லை.

எதிர்க்கரையில், நம் மேற்குக் கடற்கரையில், நிலைமை நேர்மாறு. இங்கே கண்டத்திட்டு அகலம். பருவக்காற்றின் பிற்பகுதியில் அதன் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்களும் இறால்களும் விலகி ஓடுகின்றன. ஆனால் அதே மூச்சுத்திணறல் படிவிலிருந்து இரும்பை விடுவிக்கிறது. மேலே ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கில் பாசிக்கு இரும்புக் குறை இல்லை. ஒரே கடல், ஒரே பருவம், கிட்டத்தட்ட ஒரே தூசி. இரு கரைகளிலும் இரு வேறு உலகங்கள். வித்தியாசத்தை உண்டாக்குவது திட்டின் அகலமும் ஆக்சிஜனும்.

அரபிக்கடலின் நடுவிலும், நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம் வரை, ஆக்சிஜன் மிக அருகிய ஓர் அடுக்கு நிற்கிறது. ஜேம்ஸ் மோஃபெட்டின் குழு அதில் ஃபெர்ரஸ் இரும்பையே கண்டதாக 2007இல் எழுதியது. ஆக்சிஜன் உள்ள நீரில் நிமிடங்களில், அதிகம் போனால் மணிக்கணக்கில் மறையும் வடிவம் அது. கஞ்சமலையின் பாறை படிந்த காலத்துக் கடலின் சிறு எச்சம் என்று இந்த அடுக்கைச் சொன்னால் புவியியலாளர்கள் பெரிதாகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்திய ஜியோட்ரேசஸ் பயணங்களில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் திரட்டிய நெடுக்குவெட்டுகளிலும் இந்த அடுக்கில் இரும்பு உயர்ந்து நிற்கிறது.

மற்ற மூலங்கள் இடத்துக்கு இடம் முக்கியமானவை. உருகும் பனிமலைகள் தம் வழியெல்லாம் இரும்பைச் சிந்துகின்றன. 2008 ஆகஸ்டில் அலூஷியன் தீவுகளின் கசாட்டோச்சி எரிமலை கக்கிய சாம்பல் வடகிழக்குப் பசிபிக்கில் பெரும் பாசிப்பெருக்கை எழுப்பியது. 2019–20இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை தென்பெருங்கடலில் அதையே செய்தது. ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆழத்தில் கணவாயைத் தின்று மேலே வந்து கழிக்கின்றன. தென்பெருங்கடலில் உள்ள ஏறத்தாழ 12,000 திமிங்கிலங்கள் இப்படி ஆண்டுக்கு 50 டன் இரும்பை மேலேற்றுவதாக ஒரு கணக்கு உண்டு. கடலின் மொத்தக் கணக்கில் அது சொற்பம். ஆனால் வெளிச்சமுள்ள நீரில், உயிரின் கைக்கெட்டும் வடிவில் விழுகிறது என்பதால் அந்த 50 டன்னுக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவு வேறுபட்ட வரவுகள் இருந்தும் ஆழ்கடலில் ஒரு வியப்பான ஒழுங்கு காணப்படுகிறது. நைட்ரேட்டை எடுத்துக்கொண்டால், ஆழ்நீர் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை செல்லும் ஆயிரம் ஆண்டுப் பயணத்தில் அதன் அளவு ஏறத்தாழ இருமடங்காகிறது. இரும்பு அப்படிக் குவிவதில்லை. முகடுகளையும் திட்டுகளையும் விட்டு விலகினால், எந்தப் பெருங்கடலின் ஆழத்திலும் கிட்டத்தட்ட அதே அரை நானோமோல் சுற்றுவட்டம். மேலே சொன்ன தூசியும் ஊற்றும் சேறும் எங்கே போயின? ஈனிகளின் கொள்ளளவுக்கு மேற்பட்டது துகள்களில் ஒட்டி அடிக்குப் போய்விட்டது. 1997இலேயே கென் ஜான்சனும் சகாக்களும் இந்த ஒழுங்கைச் சுட்டிக்காட்டி, ஈனிகளே காரணம் என்று வாதிட்டார்கள்.

கணினி மாதிரிகள் இதே உண்மையைச் சற்றுச் சங்கடமான முறையில் வெளிப்படுத்துகின்றன. உலகின் 13 முன்னணிக் கடல் மாதிரிகளை அலெசாண்ட்ரோ டாக்லியாபூ தலைமையிலான குழு 2016இல் ஒப்பிட்டது. சில மாதிரிகள் தூசியை மட்டுமே பிரதானமாக வைத்திருந்தன, சில ஊற்றுகளை அறவே விட்டிருந்தன; மொத்த வரவு ஒன்றுக்கொன்று பன்மடங்கு மாறுபட்டது. ஓர் இரும்பு அணு கடலில் சராசரியாக எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு ஒரு மாதிரியின் விடை சுமார் நான்கு ஆண்டு, இன்னொன்றின் விடை ஐந்நூறு ஆண்டுக்கும் மேல். ஆனால் எல்லாமே சராசரி இரும்பு அளவை ஏறத்தாழச் சரியாகக் காட்டின. எப்படி? வரவு கூடினால் அகற்றும் வேகத்தையும் கூட்டி வைத்திருந்தார்கள். பருவநிலை மாற்றத்தால் வரவு மாறும்போது கடல் என்ன செய்யும் என்று இவற்றிடம் கேட்டால், ஒவ்வொன்றும் வேறு பதில் சொல்லும்.

வரவு, தங்கல் என்ற இந்த வேறுபாட்டை நேரடியாகச் சோதித்தவை கடலில் இரும்பு கொட்டிய பரிசோதனைகள். மார்ட்டின் 1993 ஜூனில் இறந்தார். அவர் திட்டமிட்ட முதல் சோதனை அதே ஆண்டு அக்டோபரில் கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே நடந்தது. 64 சதுர கிலோமீட்டரில் அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான இரும்பு. பாசி வளர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல. கொட்டிய இரும்பு சில நாட்களில் மேல்நீரிலிருந்து மறைந்துபோனது. 1995இல் அதே பகுதியில் மூன்று தவணையாகக் கொட்டியபோது கடல் பச்சையானது. அப்போது இன்னொன்றும் நடந்தது. இரும்பு சேர்ந்த பிறகு நீரில் ஈனிகளின் அளவும் ஏறியது. உயிர்கள் தமக்குக் கிடைத்ததைத் தாங்கிப் பிடிக்கும் பொருளையும் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்பதற்கான முதல் களச் சான்றுகளில் அது ஒன்று.

2009இல் இந்திய-ஜெர்மன் கூட்டுச் சோதனை ஒன்று, இரும்புக்கான இந்திச் சொல்லைத் தாங்கி லோஹாஃபெக்ஸ் என்ற பெயரில், தென் அட்லாண்டிக்கில் நடந்தது. போலார்ஸ்டெர்ன் கப்பல் புறப்பட்ட பிறகு ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் எதிர்ப்புத் தெரிவிக்க, வேலை சில காலம் தடைப்பட்டது. பிறகு ஒரு கடற்சுழலுக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இடப்பட்டது. அந்த நீரில் சிலிக்கேட் இல்லை. ஆகவே கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம்கள் வளரவில்லை. வளர்ந்த சிறு பாசிகளைத் துடுப்புக்காலிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். ஆனால் 2004இல் சிலிக்கேட் நிறைந்த இன்னொரு சுழலில் நடந்த சோதனையில், டயாட்டம் பெருக்கத்தின் பாதியாவது ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கியிருந்தது. இரும்பு மட்டும் போதும் என்று கார்பன் கிரெடிட்டுகளை விற்க முன்வந்த வணிகர்கள் இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் படித்ததாகத் தெரியவில்லை. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சால்மன் வளர்ப்பதற்கென்று சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் கொட்டப்பட்டது. அடுத்த ஆண்டே, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறையின் உறுப்பு நாடுகள், ஆய்வு தவிர்த்த பிற நோக்கங்களுக்கு இதைத் தடைசெய்யும் திருத்தத்தை ஏற்றன.

தென்பெருங்கடலில் உள்ள கெர்கெலன் தீவுகளுக்கு அருகே, கடலடி மேடு ஒன்றின் மேல், மனிதர் கை படாமல் கோடைதோறும் பாசி பெருகுகிறது. 2005இல் பிரெஞ்சுக் குழு அங்கே அளந்தது. சேர்ந்த இரும்பின் ஓர் அலகுக்கு ஆழத்துக்கு இறங்கிய கார்பன், கப்பலிலிருந்து கொட்டிய சோதனைகளில் கிடைத்ததைவிடக் குறைந்தது பத்து மடங்கு. கப்பலிலிருந்து கொட்டியது ஃபெர்ரஸ் சல்பேட் கரைசல். அதில் பெரும்பகுதி பாசியை எட்டுமுன் துருவாகிவிட்டது. மேட்டின் இரும்போ படிவிலிருந்து கிளம்பி, ஆழ்நீரின் ஈனிகளோடு பிணைந்து, பருவம் முழுதும் சிறுகச் சிறுக மேலே வருகிறது.